மாணவரின் கட்டுரை எழுத்துத் திருட்டோ என்ற ஐயம் எழுந்தால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

பிறர் எழுதியதை அவர் பெயரைச் சொல்லாமல் தன்னுடையதாகக் காட்டுவதே எழுத்துத் திருட்டு. இரவல் வாங்கிய எவர்சில்வர் பாத்திரத்தில் பொறித்திருக்கும் பெயரைச் சுரண்டிவிட்டு நம்முடையது என்பதைப் போன்றது அது. ஆனால் பக்கத்து வீட்டுப் பெயர் பொறித்த தூக்குவாளி நம் சமையலறையில் இருப்பதாலேயே திருட்டு ஆகிவிடாது. பலகாரத்தோடு வந்ததாகவும் இருக்கலாம். ஆகவே ஆசிரியர் முதலில் மாணவரைத் தனியே அழைத்து, ஐயத்துக்குரிய பத்தியையும் மூலநூலின் பக்கத்தையும் அருகருகே வைத்து, முதல் வரைவையும் குறிப்புகளையும் கேட்டு வாங்கி, அப்பத்தியைச் சொந்தச் சொற்களில் விளக்கச் சொல்ல வேண்டும். மேற்கோள் குறி இடத் தெரியாத முதலாண்டு மாணவரும், கட்டுரையை விலைக்கு வாங்கித் தருபவரும் ஒன்றல்லர். முன்னவருக்குத் தேவை பயிற்சியே என்பது என் உறுதியான கருத்து.

ஐயம் வலுத்தால், தாமே தண்டிக்காமல், சான்றுகளோடு துறைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள், ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனையில்லை என்றும், அதற்கு மேல் 40 வரை எனில் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும் என்றும், 60ஐத் தாண்டினால் படிப்புக்கான பதிவே ரத்து என்றும் வகுத்துள்ளன.

ஒப்புமையைக் கண்டறியும் மென்பொருள் காட்டும் விழுக்காடே குற்றத்தின் அளவு என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் முறையாகப் பெயர் சுட்டிய மேற்கோளையும் நூற்பட்டியலையும் அவ்விதிகளே கணக்கிலிருந்து விலக்குகின்றன.