பீரோ மேல் பாலன்

அன்புள்ள ஐயா,

சேலம் அழகாபுரத்தில் வசிக்கிறேன். மகளுக்கு 5 வயது, மகனுக்கு இரண்டரை. டிசம்பர் வந்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது. பள்ளியில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடப் போட்டி, மாமியார் வீட்டில் இரண்டு நாள் அச்சு முறுக்கு, அப்புறம் 25ஆம் தேதி ஏற்காடு போயே ஆக வேண்டும் என்று கணவரின் பிடிவாதம். போன வருடம் பாதி மலையிலேயே பிள்ளைகள் இருவரும் வாந்தி. வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் வைத்திருக்கிறோம், பீரோ மேல். கீழே வைத்தால் சின்னவன் ஒன்றையும் விட்டுவைக்க மாட்டான்.

என் கேள்வி இதுதான். போன ஞாயிறு கேரல் பாட வந்த குழுவில் தாத்தாவாக ஆடியவரின் பஞ்சுத் தாடி நழுவிவிட்டது. பார்த்தால் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடை அண்ணன். அன்றிலிருந்து மகள், "கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமா, பொய்யா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்த வயதில் உண்மையைச் சொன்னால் அவள் மனது உடைந்துவிடாதா?

ம. (பெயர் வேண்டாம்)

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பரணிலிருந்து எங்கள் குடில் பெட்டியை இறக்கினேன். பழைய செய்தித்தாளில் சுற்றிய பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துவிட்டு, கையில் தூசியோடு வந்து உட்கார்ந்து படித்தேன். மற்ற கடிதங்கள் வரிசையில் நிற்க, இதற்கு முதலில் பதில் எழுதுவது அதனால்தான்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வேடப் போட்டிக்குச் சிவப்பு பனியன் ஒன்றும் கொஞ்சம் பஞ்சும் போதும். பரிசு வராது. வராவிட்டால் போகட்டும். அச்சு முறுக்கு விஷயத்தில் நான் உங்கள் மாமியார் பக்கம். அச்சு எண்ணெயில் நன்றாகக் காய வேண்டும், மாவில் முக்கால் உயரம்தான் முக்க வேண்டும், விளிம்பைத் தாண்டினால் முறுக்கு கழன்று விழாது. இதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கைக்கு வரும். இரண்டு நாள் போய் நில்லுங்கள், ஒன்றும் குறைந்துவிட மாட்டீர்கள்.

ஏற்காட்டைப் பற்றி உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அது நான் வளர்ந்த ஊர், 25ஆம் தேதி நானே போக மாட்டேன். 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு கார் மூச்சுவாங்கிக்கொண்டு நிற்கும். குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகலாமே என்று அவருக்கு ஒரு யோசனை வரும். அதே யோசனை அன்றைக்குச் சேலத்தில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, பிள்ளைகளைக் காலி வயிற்றோடும் ஏற்றாமல், வயிறு முட்டவும் ஊட்டாமல் அழைத்துப் போங்கள்.

இப்போது பீரோவுக்கு வருகிறேன்.

ஏம்மா, குடிலைக் கொண்டுபோய் யாராவது பீரோ மேல் வைப்பார்களா? இரண்டரை வயதுப் பையன் தரையில் நின்று அண்ணாந்தால் என்ன தெரியும் சொல்லுங்கள். பீரோவின் விளிம்பு தெரியும். சீரியல் லைட் மின்னுவது தெரியும். நட்சத்திரத்தின் வால் தெரியலாம். பாலன் இயேசு தெரிய மாட்டார், அவர் படுத்திருக்கிறார். உங்கள் வீட்டில் அந்தக் குடிலை முழுசாகப் பார்க்கிறவர் உங்கள் கணவர் ஒருவர்தான், அவரும் ஆறடி உயரம் இருந்தால். அப்படியானால் யாருக்காக வைத்தீர்கள்? ஸ்டூல் போட்டு ஏறி ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டீர்களா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

லூக்கா தன் நற்செய்தியில் என்ன எழுதியிருக்கிறார்? சத்திரத்தில் இடமில்லை, அதனால் பிள்ளையைத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தினாள். பழைய மொழிபெயர்ப்பில் 'முன்னணை' என்று அழகான ஒரு சொல் இருக்கும், அதே தொட்டிதான். தீவனத் தொட்டி எந்த உயரத்தில் இருக்கும்? மாட்டின் வாய்க்கு எட்டுகிற உயரத்தில். சேலத்தைச் சுற்றி எந்தக் கட்டுத்தரைக்கு வேண்டுமானாலும் போய் உங்கள் சின்னவனை நிறுத்திப் பாருங்கள். தொட்டி விளிம்பு அவன் நெஞ்சுக்கு வரும். கையை விட்டால் புண்ணாக்குத் தண்ணீரைக் கலக்கிவிடுவான்.

குடில் வைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் என்று அசிசி பிரான்சிஸைச் சொல்வார்கள். 1223ஆம் ஆண்டு, இத்தாலியில் கிரெச்சியோ என்ற மலையூர். அவர் வைத்தது வைக்கோல் போட்ட ஒரு தொட்டி, உயிரோடு ஒரு மாடு, உயிரோடு ஒரு கழுதை. ஊர் ஜனம் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு வந்து சுற்றி நின்றது. (லூக்காவிலும் மத்தேயுவிலும் பிறப்புக் கதையில் மாடும் கிடையாது, கழுதையும் கிடையாது. பழைய ஏற்பாட்டில் ஏசாயாவின் முதல் அதிகாரத்தில் ஒரு வரியில் இருந்தவை எப்படியோ நடந்து வந்து தொழுவத்தில் சேர்ந்துகொண்டன. பிள்ளைகளுக்குப் பிடித்தவை அவைதான் என்பதால் யாரும் விரட்டவில்லை.) அந்த மாடு அங்கே சாணி போட்டிருக்கும், பிள்ளைகள் வைக்கோலை உருவி விளையாடியிருப்பார்கள். "தொடாதே" என்று யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

நான்கு ரோட்டுப் பேராலயத்துக்குத்தானே போகிறீர்கள்? அதன் பெயரே குழந்தை இயேசு பேராலயம். அங்கே போய் மண்டியிட்டுவிட்டு வந்து, வீட்டில் உள்ள குழந்தைக்கு அந்தக் குழந்தையைக் காட்டாமல் உயரே ஏற்றி வைக்கிறீர்கள்.

உடைந்துவிடும் என்பீர்கள். ஆமாம், உடையும். எங்கள் வீட்டிலும் உடைந்தது.

1991இல், கையில் நாலு காசு புழங்க ஆரம்பித்த வருடம், ஒரு நல்ல செட் வாங்கினேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மைகள், பளபளவென்று பெயின்ட். மகனுக்கு அப்போது 4 வயது. பொம்மை பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேன். 24ஆம் தேதி சாயங்காலம் குளியலறையில் 'டப்' என்று சத்தம். ஓடிப் பார்த்தால் அவன் கையில் ஒட்டகத்தின் உடம்பு, வாளிக்குள் தலை. தண்ணீர் காட்டக் கொண்டுபோயிருக்கிறான். ராஜாவைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் வந்த ஒட்டகம் அல்லவா.

அவனை அடித்தேன். பண்டிகைக்கு முந்தின சாயங்காலம், புதுச் சட்டை போட்டு நின்ற பிள்ளையை, ஒரு சுண்ணாம்பு ஒட்டகத்துக்காக அடித்தேன். அன்றைக்கு ராத்திரிப் பூசையில் அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை. அவன் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கடைசி ஆசீர்வாதம் வரை தூங்கினான், அல்லது தூங்குவதுபோல் கிடந்தான். மறுநாள் வீட்டுக்காரி ஃபெவிகாலும் நூலும் வைத்து ஒட்டினாள். கழுத்து சரியாக உட்காராமல் கொஞ்சம் திரும்பிவிட்டது. மற்ற ஜீவன்கள் எல்லாம் பாலனைப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் ஒட்டகம் மட்டும் வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கும். உங்கள் கடிதம் வந்த அன்று காலை பெட்டியைத் திறந்ததும் முதலில் கைக்கு அகப்பட்டது அதுதான்.

இதில் வெட்கம் என்னவென்றால், எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான் வளர்ந்த வீட்டில் குடில் தரையில்தான் இருந்தது.

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர். ரைட்டர் என்றதும் என்னைப் போல் கதை எழுதுகிறவர் என்று நினைக்காதீர்கள். செக்ரோல் எழுதுகிறவர்: யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ பழம் எடுத்தார் என்ற கணக்கு. காப்பியை அந்த மலைக்குக் கொண்டுவந்தவர் 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸைக் கெடுத்த முதல் ஆளும் அவரே. அரபிகா நவம்பரில் பழுக்க ஆரம்பித்தால் ஜனவரி வரை பறிப்பு ஓயாது, டிசம்பரில் வேலை கழுத்தை நெரிக்கும். எடுத்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் விட்டுத் தோலுரித்தாக வேண்டும். ராத்திரி முழுக்கச் சாக்கில் கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும், அப்புறம் அந்தக் காப்பியை யாரும் வாயில் வைக்க முடியாது. 24ஆம் தேதி என்றால் பழத்துக்கு என்ன தெரியும்? பழம் வந்தால் மிஷின் ஓடும், மிஷின் ஓடினால் அப்பா அங்கே நிற்பார்.

குடில் எங்கள் வேலை, எனக்கும் தங்கைக்கும். சிமென்ட் சாக்குக் காகிதத்தைக் கசக்கி அடுப்புக்கரி பூசினால் மலை. சில்வர் ஓக் கிளை ஒன்று ஒடித்து நட்டால் காடு. உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஏரி. தேங்காய்த் தொட்டிகளில் மண் போட்டுக் கேழ்வரகு தூவுவோம், அதுதான் புல்வெளி. அந்தக் குளிரில் தேங்காய் எண்ணெயே பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும், கேழ்வரகுக்கு மட்டும் என்ன அவசரம்? அம்மா ராத்திரியில் தொட்டிகளை அடுப்போரம் நகர்த்தி வைப்பாள். காலையில் பல் விளக்கும் முன்னால் போய் எத்தனை முளை என்று எண்ணுவோம். எண்ணிக்கையில் சண்டை வரும். மண் பொம்மைகள் எட்டோ ஒன்பதோ. ஆடுகளை ஏரிக்கு ஓட்டிப் போவோம், மாட்டை மேய்ப்போம். மூன்று ராஜாக்களும் ஜன்னல் திட்டிலிருந்து புறப்பட்டு, நாளுக்கு ஒரு சாண் நடந்து, ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6ஆம் தேதிக்குப் பாலனிடம் வந்து சேர்வார்கள். ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டு சாண்.

எனக்கு 8 வயதில் பாலனைத் தொலைத்துவிட்டேன். பாலனை 24ஆம் தேதி ராத்திரிதான் தொட்டியில் வைக்க வேண்டும். அதுவரை அம்மா அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருப்பாள். அன்று மத்தியானம் நான் தோண்டியெடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டு பல்ப்பர் வீட்டுப் பக்கம் போனேன். எதற்கு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பையில் ஓட்டை இருந்தது. களத்தில் விழுந்ததா, பழக் குவியலிலா, தண்ணீர் போகிற கால்வாயிலா? இருட்டும்வரை தனியாகத் தேடிவிட்டு வந்து, ராத்திரி பத்து மணிக்கு அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன். முதுகில் இரண்டு வைத்தாள். எங்கள் வம்சத்தில் அந்தத் தேதிக்கு அந்த ராசி போலிருக்கிறது.

தங்கைக்கு அப்போது 5 வயது, உங்கள் மகள் வயது. நான் அடி வாங்கும் நேரத்தில் அவள் வாசலுக்குப் போய், காலிச் சாக்கில் ஒட்டிக்கிடந்த ஒரு காப்பிப் பழத்தை எடுத்து வந்தாள். பழைய கைக்குட்டையின் மூலையைக் கிழித்து அதில் சுற்றித் தொட்டியில் படுக்கவைத்தாள். துணிக்கு வெளியே நெற்றி மட்டும் செக்கச்செவேல் என்று தெரிந்தது.

அப்பா வந்தபோது மணி பதினொன்று. சட்டையெல்லாம் பழத்தோல் புளித்த வாடை. விளக்கை எடுத்துக்கொண்டு குடிலிடம் போய்க் குனிந்தார், முழங்காலைத் தரையில் ஊன்றி இன்னும் குனிந்தார். நானும் தங்கையும் மூச்சு விடவில்லை.

"பரவால்ல. பச்சை கலக்காம நல்ல பழமாத்தான் எடுத்திருக்கா" என்றார்.

அப்புறம் குளித்துக் கிளம்பிப் பூசைக்கு நடந்தோம். பிரசங்கம் முடிகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். அந்த வருடத்துக்குப் பின் அம்மா புதுப் பாலன் வாங்கவே இல்லை. டிசம்பரில் பழத்துக்கா பஞ்சம்? ஒவ்வொரு வருடமும் 24ஆம் தேதி தங்கை போய்ப் பொறுக்கி எடுத்து வருவாள். ஜனவரி 6இல் ராஜாக்கள் வந்து சேரும்போது பாலன் கறுத்துச் சுருங்கிச் சுண்டைக்காய் வற்றல் மாதிரி ஆகியிருப்பார். ராஜாக்கள் ஒன்றும் சொன்னதில்லை.

சரி, உங்கள் கேள்வியை மறந்தே போனேன். கிறிஸ்துமஸ் தாத்தா.

உங்கள் மகள் கண்ணால் பார்த்துவிட்டாள். அவளிடம் போய், "அது வேற அண்ணன், நிஜத் தாத்தா பனி ஊரில் இருக்கார்" என்று மழுப்பாதீர்கள். "ஆமாம், ஜெராக்ஸ் கடை அண்ணன்தான்" என்று சொல்லிவிடுங்கள். 4ஆம் நூற்றாண்டில் மிரா என்ற ஊரில், இன்றைய துருக்கியில், நிக்கோலாஸ் என்று ஓர் ஆயர் இருந்தார். ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஓர் ஏழை வீட்டுக்குள் பொன் முடிப்பை எறிந்துவிட்டுப் போனார் என்று ஒரு கதை உண்டு. கேட்டால் அதையும் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள். மனது உடைவதைப் பற்றி நீங்கள்தான் பயப்படுகிறீர்கள். முடிந்தால் அந்த அண்ணனிடம் தாடியை ஒருநாள் இரவல் வாங்கி அவளுக்கே மாட்டிவிடுங்கள். தம்பிக்கு அவள் தாத்தாவாக இருக்கட்டும், அவன் கண்டுபிடிக்கிறானா பார்ப்போம்.

முதலில் குடிலை இறக்குங்கள். சீரியல் லைட்டையும் அதன் வயரையும் பீரோ மேலேயே விட்டுவிடுங்கள், அதில் உங்கள் பயம் நியாயமானது. வாய்க்குள் போகிற அளவு சின்ன ஆட்டுக்குட்டி இருந்தால் அதையும் ஒளித்துவையுங்கள். மற்றதெல்லாம் தரைக்கு வரட்டும். இன்று தேதி 14. ஒரு கைப்பிடி கேழ்வரகை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஈரத்துணியில் கட்டிவைத்து, முளை விட்டதும் சின்னவன் கையில் கொடுத்துத் தொட்டியில் தூவச் சொல்லுங்கள். பாதி வெளியே கொட்டும், பெருக்கிக்கொள்ளலாம். சேலத்து வெயிலுக்கு 24ஆம் தேதிக்குள் இரண்டு விரல் உயரம் வந்துவிடும்.

ஒட்டகம் இருந்தால், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிடுங்கள்.