பினாங்கு பேசியது – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூர் செந்தூலில் இடைநிலைப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ‘இருபதாம் நூற்றாண்டுப் போர்களும் ஊடகமும்’ என்ற தலைப்பில் வரலாற்று மன்றத்தில் இருபது நிமிடம் பேச வேண்டும். முதல் போரில் தந்தி, இரண்டாம் போரில் வானொலி, வியட்நாமில் தொலைக்காட்சி, வளைகுடாவில் செயற்கைக்கோள் என்று குறிப்பு எடுத்துவிட்டேன். வானொலி பிரச்சாரக் கருவி என்று அடிக்கோடும் போட்டிருக்கிறேன். போரில்லாமல் இந்தக் கருவிகள் வந்திருக்குமா? வாட்ஸ்அப்பில் வருகிற போர்க் காணொளிகளை எப்படி நம்புவது? எடுத்த குறிப்பில் நம்மவர் ஒருவர்கூட இல்லை. நாம் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தோமா?

தேவிகா

அன்புள்ள தேவிகா,

போரில்லாமலும் வந்திருக்கும். மார்க்கோனி 1901-இல் அட்லாண்டிக்கைத் தாண்டிச் சமிக்ஞை அனுப்பியபோது அவர் கண் கப்பல் கம்பெனிகள் மேலும் தந்தி வியாபாரத்தின் மேலும்தான் இருந்தது. போர் வந்ததும் அரசாங்கங்கள் பணத்தைக் கொட்டின, வேகம் கூடியது. இதற்கு மேல் அதில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடைசி வரிதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. சில மாதங்களாக நானே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். செந்தூலிலிருந்து வியட்நாம் வரை போன உங்கள் குறிப்பேடு, வழியில் பட்டர்வொர்த்தில் இறங்கி பினாங்குக்கு ஃபெரி ஏறவில்லையே அம்மா! முதல் போருக்குத் தந்தி என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் 1914 அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. பன்னிரண்டு நாள் கழித்து இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவில் இருந்த தந்தி நிலையத்தை உடைக்கப் போய், அங்கிருந்தவர்கள் முந்திக்கொண்டு அனுப்பிய அபாயச் செய்தியால் மாட்டிக்கொண்டது. இது போதும், அடுத்ததற்கு வருகிறேன்.

மாணிக்கசோதி சரவணமுத்து என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இலங்கைத் தமிழர். பினாங்கில் வெளிவந்த ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ ஆங்கில நாளிதழின் ஆசிரியர். 1941 டிசம்பர் 11-இல் ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரத்து மேல் வந்தபோது, ஜனங்கள் ஓடி ஒளியவில்லை. தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். நின்ற இடத்திலேயே செத்தார்கள். சில நாளில் வெள்ளைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேறிவிட்டார்கள், மற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். ஊரில் காவல் கிடையாது, பிணம் எடுக்க ஆள் கிடையாது, கொள்ளை வேறு.

17-ஆம் தேதி சரவணமுத்து கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போய் பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றினார். பினாங்கு வானொலி வழியாகவும் ஜப்பானியருக்குச் செய்தி போனது: பிரிட்டிஷ்காரர்கள் போய்விட்டார்கள், எதிர்க்க இங்கே யாரும் இல்லை, குண்டு போடாதீர்கள். படையோ பதவியோ இல்லாத ஒரு பத்திரிகைக்காரர் செய்த காரியம் இது. ஜப்பானியர் தீவில் இறங்கியது 19-ஆம் தேதி.

ஓடிப்போன அவசரத்தில் வெள்ளைக்காரர்கள் அந்த வானொலி நிலையத்தை உடைக்காமல் விட்டிருந்தார்கள். அடுத்து ஜப்பானியர் அதே நிலையத்திலிருந்து, ‘ஹலோ சிங்கப்பூர், எங்கள் குண்டுவீச்சு எப்படி இருக்கிறது?’ என்று கேலி பேசினார்கள். சிங்கப்பூர் வானொலியிலோ டஃப் கூப்பர் என்ற பிரிட்டிஷ் அமைச்சர், பினாங்கு ஜனங்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்கிற மாதிரி பேசினார். ஜனங்களாம்! வெளியேறியது யார் என்று சூலியா தெருவில் நின்ற பையனுக்குக்கூடத் தெரியும்.

வானொலி பிரச்சாரக் கருவி என்று ஒரே வரியில் எழுதி அடிக்கோடு போடுகிறீர்களே, இந்த மூன்று பேச்சும் ஒன்றா? இவர்களில் சரவணமுத்து ஒருவர்தான் குண்டு விழுகிற இடத்தில் நின்றுகொண்டு பேசியவர். கருவி எந்த வருஷம் வந்தது, எத்தனை வாட் என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம். பேசுகிறவர் எங்கே நிற்கிறார், பேச்சு பொய்யானால் அடி யார் முதுகில் விழும் என்று முதலில் பாருங்கள். கருவியை வைத்தே ஊடக வரலாறு எழுதுகிறவர்கள்மேல் எனக்குப் பொல்லாத கோபம் வரும், உங்கள்மேலும் கொஞ்சம் வருகிறது.

கேட்டுக்கொண்டிருந்தவர்களையும் லேசாக நினைக்காதீர்கள். நான் வளர்ந்தது பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையில் ஒரு பால்மரத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம். மலாயாவின் அவசரகாலத்தில் (1948–60), கம்யூனிஸ்டுக் கிளர்ச்சி நடந்தபோது, அவர்களின் பேச்சு எடுபடக்கூடாது என்று அரசாங்கம் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலி வைத்தது. எங்கள் தோட்டத்தில் அது மரப்பெட்டிக்குள், பூட்டோடு. சாவி கிராணியிடம், அதாவது தோட்டத்துக் குமாஸ்தாவிடம். சாயந்தரம் அவர் வந்து திறந்தால், கீழே வைத்த பேட்டரியை முதலில் ஒரு தட்டுத் தட்டுவார். செய்தி, சரணடையச் சொல்லும் அறிவிப்பு, பிறகு பாட்டு. பாட்டுக்காகத்தான் தொழிலாளர் லயமே அங்கே உட்கார்ந்திருந்தது. தாப்பாவிலோ தைப்பிங்கிலோ சண்டை என்று செய்தி வந்தால் என் அம்மா வாய் திறக்க மாட்டார். மறுநாள் பால் ஏற்ற வரும் லோரி டிரைவரை மடக்கி, “நீ அந்தப் பக்கம் போனியா? என்ன பாத்த?” என்று கேட்பார். அவர் சொன்ன பிறகுதான் அடுத்த வீட்டுக்குச் செய்தி போகும். அம்மா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. வாட்ஸ்அப் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் கிடையாது. அந்தப் பக்கம் போன ஆள் அகப்படாவிட்டால் காணொளியை அனுப்பாதீர்கள், எனக்கு அனுப்புவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாரத்துக்கு நாலு அனுப்புகிறீர்கள்.

வளைகுடாவைச் சுருக்கிவிடுங்கள், செயற்கைக்கோளுக்கு ஒரு நிமிடம் தாராளம். நம் மலேசியத் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல், இந்தோனேசியாவோடு மோதல் நடந்துகொண்டிருந்தபோது தொடங்கியது என்பதைப் போகிற போக்கில் சொல்லுங்கள். சரவணமுத்துவுக்குப் பத்து நிமிடமாவது கொடுக்க வேண்டும். தாளைப் பார்த்து வாசிக்காதீர்கள், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். பேச்சு முடிந்ததும் அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.