"என் மெஷினில் ஓடுச்சே அக்கா" – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சாங்கி பிசினஸ் பார்க்கில், சம்பளப் பட்டியல் மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் கியூஏ லீடாக, அதாவது மென்பொருளைச் சோதிக்கும் குழுவின் தலைவியாக இருக்கிறேன். டெவலப்பர்களில் பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் சென்னையில். யூனிட் டெஸ்ட் (கோடின் ஒவ்வொரு சிறு பகுதியும் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் குட்டி நிரல்) எழுதி ஓட்டிவிட்டுத்தான் எங்களிடம் கொடுக்க வேண்டும் என்று எத்தனை மீட்டிங்கில் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பில்ட் (சோதிக்கத் தயாரான பதிப்பு) வரும், லாகின் பக்கமே திறக்காது. கேட்டால் "என் மெஷினில் ஓடுச்சே அக்கா" என்கிறார்கள். இவர்கள் யாரும் என்னிடம் ரிப்போர்ட் செய்பவர்கள் இல்லை. எப்படி எழுத வைப்பது?
– பெயர் வேண்டாம், செங்காங்

பதில்: காலை ஸ்டாண்டப் மீட்டிங்கில் உங்கள் மானேஜர் என்ன கேட்கிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். "கியூஏக்குக் கொடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார், வேண்டுமானால் ஒரு கோப்பி பந்தயம். "கொடுத்தாச்சு" என்று சொன்னவருக்கு வேலைகளைக் குறித்துவைக்கும் ஜிராவில் டிக்கெட் நகர்ந்துவிடுகிறது, நல்ல பெயரும் கிடைக்கிறது, அதற்கப்புறம் வருகிற பக் (பிழை) எல்லாம் உங்கள் தலையில், உங்கள் சனிக்கிழமையில். இப்படி ஓர் ஏற்பாட்டில் டெஸ்ட் எழுத அரை நாள் செலவழிக்கிறவர்தான் ஏமாளி. அதனால் டெவலப்பர்களுக்குப் புத்தி சொல்வதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு மானேஜரைப் பிடியுங்கள். அவர் போடும் எஸ்டிமேட்டில் டெஸ்ட் எழுதும் நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லையென்றால் நீங்கள் என்ன சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லாகின் பக்கம் திறக்காததற்கும் யூனிட் டெஸ்ட்டுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. யாரோ ஒரு கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலை மறந்திருப்பார்கள், டேட்டாபேஸ் மாற்றம் உங்கள் சர்வருக்கு வந்திருக்காது. அதைப் பிடிக்க, பில்ட் உங்கள் சர்வரில் ஏறிய உடனே தானாக ஓடும் சின்ன ஸ்மோக் டெஸ்ட் போதும்: லாகின், ஒரு ஊழியரைச் சேர்ப்பது, ஒரு மாதச் சம்பளம் போடுவது. அது தோற்றால் பில்ட்டைத் திருப்பி அனுப்புங்கள், மேற்கொண்டு எதையும் சோதிக்காதீர்கள். இதற்கு அதிகாரம் தேவையில்லை, மானேஜரிடம் ஒரே ஒரு முறை ஒப்புதல் வாங்கினால் போதும். உங்கள் ஆட்களே பாவம் பார்த்து, உடைந்த பில்ட்டில் பாதி வரை சோதித்துக் கொடுக்கிறார்கள் பாருங்கள், அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும்.

யூனிட் டெஸ்ட் வேறு வகையான தவற்றைப் பிடிக்கும். உங்கள் மென்பொருளிலிருந்தே ஓர் உதாரணம். மசேநி (மத்திய சேமநிதி) சந்தாவில், 55 வயது வரையிலான ஊழியருக்கு மொத்தம் 37 விழுக்காடு, அதில் ஊழியர் பங்கு 20. மொத்தத்தை அருகிலுள்ள வெள்ளிக்கு முழுமையாக்க வேண்டும், ஊழியர் பங்கில் வெள்ளிக்கு மேல் நிற்கும் காசை வெட்டிவிட வேண்டும், மிச்சம் முதலாளியுடையது. சம்பளம் 2,348 வெள்ளி என்று வையுங்கள். மொத்தம் 868.76, அதாவது 869. ஊழியர் பங்கு 469.60, காசை வெட்டினால் 469. முதலாளி பங்கு 400. விதியைச் சரியாகப் படிக்காத டெவலப்பர் இரண்டு பங்கையும் தனித்தனியாக முழுமையாக்கினால் 470, 399 என்று வரும், கூட்டினால் அதே 869! திரையில் மொத்தத்தைப் பார்க்கும் உங்கள் ஆளுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஊழியரின் பையிலிருந்து ஒரு வெள்ளி கூடுதலாகப் போயிருக்கும், மாதா மாதம். இதைப் பிடிக்க மூன்று வரி டெஸ்ட் போதும், ஓடி முடிய ஒரு விநாடிகூட ஆகாது.

இப்படிப்பட்ட ஓரங்கள் உங்கள் தொழிலில் நிறைய. 55வது பிறந்தநாள் மார்ச் 15 என்றால் மார்ச் முழுக்கப் பழைய விகிதம்தான், ஏப்ரல் முதல் தேதியிலிருந்துதான் புதியது. சந்தாவுக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பள வரம்பு 2023 செப்டம்பரில் 6,000 வெள்ளியிலிருந்து 6,300 ஆனது, 2024 ஜனவரியில் 6,800, 2025இல் 7,400, 2026இல் 8,000. பழைய மாதத்துப் பட்டியலைத் திரும்ப ஓட்டினால் அந்த மாதத்து வரம்பு வர வேண்டும். இத்தனை தேதியையும் கையால் உள்ளிட்டுப் பார்க்க உங்கள் ஆட்களுக்கு எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டு அந்தத் தாளை மானேஜரிடம் நீட்டுங்கள். அவருக்குப் புரிகிற பாஷை அதுதான்.

அப்புறம் கதவு. கோடு புல் ரிக்வெஸ்ட்டாக (பொதுக் கோடில் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பமாக) வரும்போதே பைப்லைன், அதாவது டெஸ்ட்டையும் பில்ட்டையும் தானாகச் செய்யும் ஏற்பாடு, எல்லா டெஸ்ட்டையும் ஓட்டட்டும், ஒன்று சிவப்பானாலும், அதாவது தோற்றாலும், கோடைச் சேர்க்கும் மெர்ஜ் பட்டன் வேலை செய்யக்கூடாது. கோடைச் சேமித்து வைக்கும் கிட்ஹப்பிலும் கிட்லாபிலும் இதை செட்டிங்கிலேயே செய்துவிடலாம். கியூஏக்கு வரும் பில்ட் அந்தப் பைப்லைனிலிருந்து மட்டும்தான் வர வேண்டும், யாருடைய லேப்டாப்பிலிருந்தும் அல்ல. "என் மெஷினில் ஓடுச்சே" என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. ஆனால் 80 விழுக்காடு கவரேஜ் (டெஸ்ட்டில் ஓடும் வரிகளின் பங்கு) கட்டாயம் என்று மட்டும் விதி போடாதீர்கள். போட்டால் 80 வந்துவிடும், எப்படி என்றுதான் கேட்கக்கூடாது. எல்லா ஃபங்ஷனையும் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, விடை சரியா என்று எதையுமே பார்க்காத டெஸ்ட்டுகளாக எழுதித் தள்ளுவார்கள். கவரேஜ் சொல்வது எந்த வரி ஓடியது என்பதைத்தான். அதைவிட, ரிவியூ செய்கிற சீனியர் கோடைப் பார்ப்பதற்கு முன்னால் டெஸ்ட்டைத் திறந்து படிக்கும் பழக்கம் நல்லது. டெஸ்ட் இல்லையா, ரிவியூவும் இல்லை.

கேள்வி: எங்கள் கோடு பத்து வருடப் பழசு, ஒரு டெஸ்ட்கூடக் கிடையாது. திடீரென்று எல்லாவற்றுக்கும் எழுது என்றால் எப்படி? ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற கோடை ஏன் நோண்ட வேண்டும்?
– ஒரு டெவலப்பர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: எல்லாவற்றுக்கும் எழுதச் சொல்கிறவர் உங்கள் எதிரி, அவர் பேச்சைக் கேட்காதீர்கள். இன்று எந்த ஃபங்ஷனைத் தொடுகிறீர்களோ அதற்கு மட்டும் எழுதுங்கள். கியூஏ ஒரு பக்கைத் திருப்பி அனுப்பினால், திருத்துவதற்கு முன் அந்தப் பக் இருக்கும்வரை தோற்கிற டெஸ்ட் ஒன்றை எழுதிவிட்டு அப்புறம் திருத்துங்கள். அதே பக் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வராது. "ஓடிக்கொண்டிருக்கிறது" என்பதை மட்டும் அதிகம் நம்பாதீர்கள். 1996 ஜூன் 4ஆம் தேதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி 40 விநாடிக்குள் வெடித்துச் சிதறியது. முந்தைய ஏரியன் 4இல் பிரச்சினையில்லாமல் ஓடிய கோடுதான் காரணம். புது ராக்கெட்டின் வேகம் அதிகம், அந்தக் கோடு ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்காத ஓர் எண் வந்து நின்றது. புது ராக்கெட்டின் பாதையை வைத்து அந்தப் பகுதியை யாரும் சோதித்திருக்கவில்லை.

கேள்வி: டெஸ்ட் எழுதும் வேலையை ஏஐயிடமே கொடுத்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் நாற்பது டெஸ்ட், எல்லாம் பச்சை! இது போதாதா?
– பிடோக் வாசகர்

பதில்: பச்சையாகத்தானே இருக்கும், உங்கள் கோடைப் படித்துத்தானே எழுதியது? மேலே சொன்ன தப்பான மசேநி ஃபங்ஷனைக் கொடுத்துப் பாருங்கள், 470 வருகிறதா என்று சரிபார்க்கும் டெஸ்ட்டை அழகாக எழுதித் தந்தாலும் தரும். தட்டச்சு வேலையை அதனிடம் தாராளமாகக் கொடுங்கள், வர வேண்டிய விடையை மட்டும் நீங்கள் கொடுங்கள். மத்திய சேமநிதிக் கழகத்தின் இணையத்தளத்திலேயே சந்தாக் கணிப்பான் இருக்கிறது. சம்பளத்தையும் வயதையும் அதில் போட்டு, வருகிற எண்ணை எடுத்து டெஸ்ட்டில் எழுதுங்கள்.