அந்தம்மா ஏன் கூட உக்காந்து சாப்பிடல?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கோயம்புத்தூர்க்காரன், ரங்கூன்ல ஒரு கார்மெண்ட் ஃபேக்டரில வேலை. கூட வேலை பாக்கற பர்மாக்கார பையன் ஒரு ஞாயித்துக்கிழமை பெகு பக்கம் அவன் ஊருக்கு கூட்டிட்டு போனான். தலைய காட்டிட்டு ஷ்வேமாடோ பகோடாவ பாத்துட்டு திரும்பிரலாம்னு ப்ளான். ஆனா சாப்பாடு, தேத்தண்ணி, லப்பெட்ங்கற ஊறவச்ச தேயிலைனு சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கவே விடல. நான் சாப்பிடறப்ப வேற யாருமே சாப்பிடல, அவன் அம்மா பக்கத்துல உக்காந்து விசிறிகிட்டே இருந்தாங்க. எனக்கு சங்கடமா போச்சு, வாட்சையே பாத்துகிட்டு இருந்தேன். கிளம்பறப்ப காசு குடுத்தேன், வாங்கல, முகம் வாடிருச்சு. தப்பு பண்ணிட்டேனா? மறுபடி போனா எப்படி நடந்துக்கணும்?

*

அன்புள்ள தம்பிக்கு,

பெரிய தப்பெல்லாம் இல்ல, மனச போட்டு உழப்பிக்காதீங்க. அந்தம்மாவும் இந்நேரம் அத மறந்திருப்பாங்க. ஆனா கேட்டதால விவரமா சொல்றேன்.

பர்மாக்காரங்க வீட்ல பெரியவங்களுக்கும் விருந்தாளிக்கும்தான் முதல் சோறு. பெரியவங்க அன்னைக்கு வீட்ல இல்லேன்னாகூட அவங்க பேருக்குன்னு ஒரு பிடி சோத்த முதல்ல எடுத்து தனியா வச்சுட்டுத்தான் மத்தவங்க கை வைப்பாங்க. நீங்க அன்னைக்கு அந்த வரிசைல முதல் ஆளு, அவ்வளவுதான். உங்கள ஒதுக்கி வச்சு தனியா போட்ட சோறு இல்ல அது. நீங்க நிதானமா ரெண்டாவது தடவை சோறு வாங்கி, நாப்பிங்கற மீன் விழுதுல பச்சைக் காய தொட்டு தின்னு, சூப்ப நல்லா குடிச்சிருந்தா அந்தம்மாவுக்கு வயிறு நிறைஞ்சிருக்கும்.

அப்புறம் லப்பெட். அந்த அரக்கு டப்பாவ நல்லா கவனிச்சீங்களா? வட்டமா இருக்கும், உள்ள அறை அறையா தடுத்திருக்கும், நடுவுல ஊறின தேயிலை, சுத்தி பொரிச்ச பூண்டு, வேர்க்கடலை, வறுத்த எள்ளு, பொரிச்ச பயறு, சில வீட்ல காஞ்ச இறாலும். ஷான் மலைல கொழுந்து பறிச்சு ஆவில வேகவச்சு அமுக்கி மாசக்கணக்குல புளிக்க விட்ட இலை அது, அத மூணு விரலால ஒரு சிட்டிகை எடுத்து கூட ரெண்டு கடலை ஒரு பூண்டு சேத்து வாய்ல போட்டு மென்னு, ஒரு மடக்கு வெறுந்தேத்தண்ணி குடிச்சு, ஏதாச்சும் பேசி, மறுபடி ஒரு சிட்டிகை. அவசரமா அள்ளி தின்னா கசப்பும் எண்ணையும்தான் தெரியும். மன்னர் காலத்துல வழக்கு தீந்ததும் ரெண்டு தரப்பும் லப்பெட் சாப்பிட்டா தீர்ப்ப ஏத்துகிட்டாங்கன்னு அர்த்தமாம், அப்படிப்பட்ட பண்டத்த வாட்ச பாத்துகிட்டே சாப்பிட்டா எப்படி தம்பி? எங்க மோல்மீன் வீட்லயும் அந்த டப்பா உண்டு, பர்மாவுல பொறந்த தமிழ் வீடுகள்ல பொங்கலுக்கு வந்தவங்களுக்குகூட சாப்பாட்டுக்கப்புறம் அத எடுத்து நடுவுல வைக்கறது சாதாரணம், ரெண்டு மணி நேரம் போறதே தெரியாது. எனக்கு ரொம்ப பிடிச்ச நேரமே அதுதான்.

காசு விஷயத்துக்கு வரேன். ரோட்டோரத்துல மரத்தடில மூடி போட்ட மண்பானையும் மேல ஒரு குவளையும் பாத்திருப்பீங்க. யாரோ ஒரு வீட்டுக்காரங்க அதுல தினமும் தண்ணி ரொப்பறாங்க, யார் குடிச்சாங்கன்னு அவங்களுக்கு தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம். ஏப்ரல்ல திஞ்சான்ங்கற பர்மா புத்தாண்டுக்கு தெருவுல பந்தல் போட்டு போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் சோறு போடுவாங்க. உலக அளவுல கொடை குடுக்கறத கணக்கெடுக்கற பட்டியல்ல 2014லருந்து 2017 வரைக்கும் பர்மாதான் முதலிடம், 2014ல மட்டும் அமெரிக்காவோட சேந்து, இவ்வளவு ஏழை நாடு. குடுக்கறது அவங்களுக்கு புண்ணியம், அதுக்கு வாங்கிக்க ஒரு ஆளு வேணும். நீங்க உடனே காசு நீட்டினா கடைல பில் கட்டின மாதிரி ஆயிருது, அதான் முகம் வாடிருக்கும்.

இன்னொன்னு, 2021 பிப்ரவரில ராணுவம் ஆட்சிய புடிச்சதுக்கப்புறம் வீட்ல ராத்திரி யாராவது தங்கினா வார்டு ஆபீஸ்ல பதியணும்னு சட்டம் திரும்ப வந்துருச்சு. வெளிநாட்டு ஆள தங்க வைக்கறது அவங்களுக்கு லேசான காரியம் இல்ல. அப்ப அவங்களால உங்களுக்கு தர முடிஞ்சது ஒரு முழு பகல், அத முழுசா தந்திருக்காங்க. ஷ்வேமாடோ எங்கயும் போயிராது, இன்னொரு ஞாயித்துக்கிழமை தனியா போய் பாருங்க.

மறுபடி போறப்ப பழமோ நல்ல பிஸ்கட் டின்னோ வாங்கிட்டு போங்க. வலது கைல குடுங்க, இடது கை வலது முழங்கைய தொட்டுகிட்டு இருக்கட்டும். உக்கார்றப்ப புத்தர் மாடத்து பக்கமும் பெரியவங்க பக்கமும் கால் நீட்டாதீங்க. காசு குடுக்காம மனசு கேக்கலேன்னா அந்த வீட்ல சின்ன பையன் இருக்கானான்னு உங்க ஃப்ரெண்ட கேளுங்க, அவனுக்கு ஷின்பியூ வரும்போது, அதாவது மடத்துல சேத்து துறவி ஆக்கற சடங்குல, கவர்ல போட்டு குடுத்தா சந்தோஷமா வாங்கிப்பாங்க. மத்தியானமே திரும்பற மாதிரி மட்டும் கார் சொல்லிராதீங்க.

அன்புடன்,
அக்கா