வீட்டுலயே பைபிள் ஸ்டடி நடத்தலாமா?

கேள்வி: அக்கா, எங்க புளோக்ல நாலு தமிழ்க் கிறிஸ்தவ குடும்பம் இருக்கு, வீட்டுலயே பைபிள் ஸ்டடி ஆரம்பிக்க ஆசை, ஆனா நான் பாஸ்டர் இல்லையே, யாராச்சும் கஷ்டமான கேள்வி கேட்டா என்ன பண்றது? - வாசகர், யீஷூன், சிங்கப்பூர்

பதில்: தாராளமா ஆரம்பிங்க தம்பி. பைபிள்ல அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரம் பாருங்க, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கூடாரம் பண்றவங்க, ஆனா வேதத்துல வல்லவரான அப்பொல்லோவுக்கே அவங்கதான் விளக்கிச் சொன்னாங்க. உங்க சபை பாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முதல்ல மாற்கு சுவிசேஷம் எடுங்க, 16 அதிகாரம்தான், வாரம் ஒண்ணுன்னா நாலு மாசத்துல முடிஞ்சிடும், எடுத்ததும் பைபிளோட கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலுக்குப் போகாதீங்க, அது புரியக் கஷ்டம் (எல்லாருக்கும் ஆசை அங்கதான்!). சத்தமா வாசிச்சிட்டு, இதுல இயேசு எப்படிப்பட்டவர்னு தெரியுது, இந்த வாரம் நான் என்ன செய்யணும்னு ரெண்டே கேள்வி கேளுங்க, அப்புறம் நீங்க பேசாம இருக்கணும், அதுதான் நம்மாளுக்கு வராது. பதில் தெரியலையா, அடுத்த வாரம் பார்த்து சொல்றேன்னு சொல்லுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. தமிழ் வாசிக்கத் திணறுற பிள்ளைங்க கையில இங்கிலீஷ் பைபிள் குடுங்க. ரெண்டாவது மாசமே வேற ஒருத்தரை நடத்த விடுங்க, 2 தீமோத்தேயு 2:2ல பவுல் சொல்றதும் அதானே, மத்தவங்களுக்குப் போதிக்கிற ஆளுங்ககிட்ட ஒப்படைன்னு. பத்து மணிக்கு மேல பாட்டு மட்டும் வேணாம், கீழ் வீட்டுக்காரங்க பாவம்.