கரையில் நிற்கும் படகு

வணக்கம்.

நீங்கள் படகில் குடியிருந்த காலத்தைப் பற்றி எழுதியவற்றை விடாமல் வாசித்தவன். எனக்கு 41 வயது, தனிக்கட்டை. எங்கே உட்கார்ந்தும் செய்யக்கூடிய வேலை. 32 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1970-களில் கட்டியது. ஐந்து வருடமாகக் கரையேற்றி முட்டுக் கொடுத்து நிற்கவைத்திருக்கிறார்கள். நான் ஒரு வருடத்துக்குக் கொடுக்கும் வீட்டு வாடகையைவிட விலை குறைவு. “எஞ்சின் ஓடும், மேல்வேலைதான் கொஞ்சம் பாக்கி” என்கிறார் சொந்தக்காரர். வீட்டைக் காலி செய்துவிட்டு, படகிலேயே தங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிபண்ணலாம் என்று நினைக்கிறேன். தச்சுவேலை ஓரளவு தெரியும். வாங்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விலை, வயது, ஐந்து வருடம் எல்லாவற்றையும் தாண்டி வந்து “தங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக” என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

என்னுடையது 30 அடி. அதில் எஞ்சினைத் தொட வேண்டுமென்றால் உள்ளே இறங்கும் படிக்கட்டைக் கழற்ற வேண்டும். படியைக் கழற்றினால் வெளியே போக ஜிம்னாஸ்டிக் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி படுக்கைக்கு அடியில், வயரிங் அலமாரிக்குப் பின்னால். ஒரு பம்ப்பை மாற்றுவதற்கு மெத்தை, துணிமணி, பாத்திரம் எல்லாம் மேல்தளத்துக்கு ஏறிவிடும். சாயங்காலம் ஒரு மணிநேரம் பட்டறையை வீடாக்குவேன், காலையில் ஒரு மணிநேரம் வீட்டைப் பட்டறையாக்குவேன். ஃபைபரைத் தேய்த்தால் வரும் தூள் இருக்கிறதே, அதைப் போர்வையிலிருந்து முழுசாக உதறவே முடியாது. ராத்திரி முழுக்க முதுகு அரிக்கும். பிசின் பூசிய அன்றைக்கு அந்த நெடியில் உள்ளே படுக்கவே கூடாது. எங்கே படுப்பது?

அதுவும் உங்கள் படகு கரையில் நிற்கிறது. ஏணி வைத்துத்தான் ஏறி இறங்க வேண்டும். கழிப்பறையைப் பயன்படுத்த முடியாது. பாத்திரம் கழுவினால் தண்ணீர் நேராகத் தரையில் கொட்டும். கரையேற்றிய படகில் குடியிருக்கப் பல படகுப் பட்டறைகளில் விடவும் மாட்டார்கள். முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.

சரி, படகுக்கு வருவோம். ஃபைபர் துருப்பிடிக்காது, மக்காது என்பார்கள். வெளி ஓட்டுக்கு அது பெரும்பாலும் சரிதான். அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் மேல்தளம் ஒரே ஃபைபர் பலகை அல்ல. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரம் வைத்த சாண்ட்விச். கைப்பிடிக் கம்பி, கயிறு கட்டும் கட்டை என்று எதையெல்லாம் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்களோ அங்கெல்லாம் ஒரு துளை உண்டு. துளையைச் சுற்றிய சீலன்ட் காய்ந்து வெடித்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். மரத்தை மக்கவைப்பதில் உப்புத்தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் கெட்டிக்காரன். ஐந்து வருடம் மூடாமல் கிடந்த படகு என்றால் ஐந்து வருட மழை என்று அர்த்தம்.

என் படகில் தலையணைக்கு மேலே சொட்டியது. சொட்டிய இடத்துக்கு நேர் மேலே தளத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. மூன்று மாதம் தேடினேன். கடைசியில் இரண்டு கை நீளம் தள்ளியிருந்த ஒரு கைப்பிடிக் கம்பியின் போல்ட்டைக் கழற்றித் துளைக்குள் திருப்புளியை விட்டேன். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே இழுத்தபோது டீ டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் பின்னாலேயே வந்தது. அந்தத் துளையைச் சுற்றித் தளத்தை அறுத்துப் புது மரம் வைத்துமுடிக்க ஒரு கோடை போயிற்று. சொந்தக்காரர் என்னிடமும் “மேல்வேலைதான்” என்றுதான் சொல்லியிருந்தார். மேல்தள வேலை என்ற கணக்கில் உண்மைதான்!

அதனால் போகும்போது திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தளம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று கணீரென்று கேட்டால் நல்லது. ‘தொப்’ என்றால் அங்கே உள்ளே ஈரமோ பிளவோ இருக்கிறது. பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் எப்போது மாற்றியவை என்று கேளுங்கள். 10, 15 வருடம் தாண்டியிருந்தால் மாற்றச்சொல்லும் காப்பீட்டு நிறுவனங்கள் உண்டு. தண்ணீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டில் உள்ள துளைகளை மூடித் திறக்கும் வால்வுகளைச் சுரண்டிப் பாருங்கள். பித்தளையாக இருந்து உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதிலிருந்த துத்தநாகம் போய்விட்டது. பார்க்க முழுசாக இருக்கும், ஒரு திருகில் கையோடு வரும். கடலில் இருக்கும்போது வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எஞ்சின் விஷயத்தில் ஒரு சின்னத் தந்திரம். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாடியே போய் எஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஒரு தடவை எழுப்பியிருக்கிறார்கள். ஆறிப்போன எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். கரையில் நிற்பதால் குளிர்விக்கும் தண்ணீரை வாளியிலிருந்து குழாய் வைத்துக் கொடுக்க வேண்டும். கிளம்பியபின் நீலப்புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது.

இதெல்லாம் தேறினால்தான் சர்வேயர், அதாவது படகைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்பவர். அவரையும் நீங்களே தேடிப் பிடியுங்கள், விற்கிறவர் கைகாட்டும் ஆள் வேண்டாம். பழைய படகுக்குக் காப்பீடு வேண்டுமென்றால் பெரும்பாலும் சர்வே அறிக்கை கேட்பார்கள். பல படகுத்துறைகளில் காப்பீடு இல்லாமல் இடம் கிடைக்காது. இடம் கிடைத்தாலும் அங்கேயே குடியிருக்க அனுமதி தனி விஷயம். அதற்குக் காத்திருப்போர் பட்டியல் வைத்திருக்கும் துறைகளும் உண்டு. படகைப் போய்ப் பார்ப்பதற்கு முன்னாலேயே இந்த மூன்று போனையும் போட்டுவிடலாம்.

பணத்தைப் பற்றி, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். கிரேன் வைத்து இறக்குவது, படகின் அடிப்பாகத்துக்குப் பூச்சு, துறை வாடகை என்று வரிசையாக நிற்கும். மனம் மாறி விட்டுவிடலாம் என்றாலும் சுலபமில்லை. வாங்க ஆளில்லாத ஃபைபர் படகை உடைத்து அப்புறப்படுத்தவும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். இவ்வளவு மலிவாக அது உங்களிடம் வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், இந்தத் திட்டத்தோடு இந்தப் படகு வேண்டாம். ஓடும், ஒழுகாத, ஆனால் மெத்தை கிழிந்து பெயின்ட் உரிந்து பார்க்கவே சகிக்காத 28 அடிப் படகு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். உங்கள் தச்சுவேலைக்கு அதில் தாராளமாகத் தீனி இருக்கும், ராத்திரி படுக்கவும் இடமிருக்கும். இல்லை, இதுதான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் வாடகை வீட்டை விடாதீர்கள். ஒரு வருடத்துக்கு வாடகையையும் படகுச் செலவையும் சேர்த்துத் தாங்க முடியுமா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முடியுமென்றால் முதலில் அடியில் உள்ள வால்வுகள், அப்புறம் தளத்தின் ஒழுகல், அதற்கப்புறம் வயரிங். அழகான மர அலமாரி செய்யத்தான் கை பரபரக்கும், எனக்கும் பரபரத்தது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடவை பார்க்கப் போவதானால் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். எல்லா அலமாரியையும் திறந்து, டார்ச் அடித்துப் பார்ப்பதோடு விடாமல், கடைசி மூலைவரை கையை விட்டுத் தடவுங்கள். கை ஈரமாக வெளியே வந்தால் சர்வேயருக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.