வாங்குமுன் கேளுங்கள்: கரவன் இழுக்க எந்த என்ஜின்?

வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்த பிறகு டபிள் கெப் பற்றிய கடிதங்கள் கூடிவிட்டன. இந்த முறை ட்ரெயிலர் இழுக்கிறவர்களுக்கே முழு இடமும். கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: விருந்தினர் விடுதி நடத்துகிறேன். வெளிநாட்டுக் குடும்பங்களைத் தங்கவைக்க ஒரு கரவன் செய்வித்திருக்கிறேன். சாமானோடு 1,600 கிலோ வரும். நிலாவெளி, புல்மோட்டை என்று கரையோரம் ஓடும். இங்கே சீசன் முடிந்ததும் நுவரெலியாவுக்குக் கொண்டுபோக ஆசை. டொயோட்டா ஹைலக்ஸில் 2.4 லீற்றர் என்ஜின் போதுமா, 2.8 தான் வேண்டுமா? இசுசு டி-மேக்ஸ் 1.9 இழுக்குமா?
— உப்புவெளி

பதில்: கரையோரம் மட்டும் என்றால் மூன்றும் இழுக்கும். புல்மோட்டை வரை ஏற்றம் என்று சொல்ல என்ன இருக்கிறது? உங்களுக்குச் சோதனை நுவரெலியாப் பாதையில்தான். ஹபரணை, தம்புள்ளை வரை என்ஜினுக்குப் பெரிய வேலையில்லை. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். கம்பளை, புசல்லாவை தாண்டி றம்பொடையில் ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் வேகம் விழும். திரும்பத் திரும்ப முதலாம், இரண்டாம் கியரிலிருந்து அந்த 1,600 கிலோவை எழுப்ப வேண்டும்.

அந்த இடத்தில் குதிரைவலுவை விட முறுக்கு விசைதான், அதாவது சில்லைத் திருப்பும் பலம்தான், கைகொடுக்கும். அதுவும் என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் தொடங்கி எத்தனை சுற்று வரை கிடைக்கிறது என்று பாருங்கள். ஹைலக்ஸின் 2.4 டீசல் 400 நியூட்டன் மீற்றர் தருகிறது, 1,600 முதல் 2,000 சுற்று வரை. 2.8 இல் ஓட்டோ கியர் என்றால் 450. 2020இல் திருத்தி வந்த 2.8 ஓட்டோவில் 500, அது 2,800 சுற்று வரை நிற்கும். எல்லாரும் 500 என்ற எண்ணைப் பார்ப்பார்கள், நான் அந்த 2,800ஐப் பார்ப்பேன். ஏற்றத்தில் கியரை மாற்றி மாற்றி அல்லாடாமல் ஒரே கியரில் போக விடுவது அதுதான். டி-மேக்ஸ் 1.9க்கு 350. அதன் 3.0 இல் பழையது 380, புதியது 450.

அடிக்கடி மலைக்குப் போவீர்கள் என்றால் 2.8, அல்லது புதிய 3.0. வருடத்தில் ஒரு தடவைதான் என்றால் 2.4ஐ வாங்கி, மிச்சக் காசைக் கரவனின் பிரேக்குக்குப் போடுங்கள். 1.9 கரையோரத்துக்கு நல்ல வண்டி, டீசலும் குறைவாகக் குடிக்கும். றம்பொடையில் நின்றுகொண்டு எனக்குக் கோல் எடுக்காதீர்கள்.

சேல்காரர் “3,500 கிலோ இழுக்கும்” என்பார். அது அரை உண்மை. முதலாவது, அந்தக் கணக்கு பிரேக் உள்ள ட்ரெயிலருக்கு. இரண்டாவது, வண்டியும் ட்ரெயிலரும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனியாக ஒரு எல்லை கைநூலில் இருக்கும். அது 5,850 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களும் சாமானுமாக வண்டி மட்டும் 3,000 வந்துவிட்டால் ட்ரெயிலருக்கு மிஞ்சுவது 2,850தான். கரவனின் மூக்கு கொக்கியில் அழுத்தும் பாரமும் இருக்கிறது. எடையில் பத்தில் ஒரு பங்கு என்று எடுத்தால் உங்களுக்கு 160 கிலோ. வண்டி சுமக்கக்கூடிய பாரத்தில் அதையும் கழிக்க வேண்டும்.

சரி, அந்த 1,600 கிலோவை யார் சொன்னது? தராசா, செய்தவரா? வாங்குமுன் ஒருதரம் நிறுத்துப் பாருங்கள். பி வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் இழுக்கக்கூடிய ட்ரெயிலருக்கு ஒரு எடை எல்லை உண்டு. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கரவனின் பதிவையும் உங்கள் அனுமதிப்பத்திரத்தையும் பேசி முடித்த பிறகு என்ஜினைத் தேடுங்கள். ஓடும்போது கரவனுக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது, வெள்ளைக்காரப் பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

கேள்வி: என்ஜின் கம்பியூட்டரை மாற்றி எழுதினால் இழுவை கூடும் என்கிறார்கள். செய்யலாமா?
— உவர்மலை

பதில்: கூடும். அப்புறம் கிளட்ச், டர்போ, கியர்பெட்டி என்று வரிசையாகச் செலவும் கூடும்.

கேள்வி: மச்சான் ஒருவர் 2.7 பெற்றோல் ஹைலக்ஸ் மலிவாக வருகுது, எடு என்கிறார். படகு, அதன் என்ஜின், ட்ரெயிலர் எல்லாம் சேர்த்து 700 கிலோ. குச்சவெளி வரை கொண்டுபோய் மணலில் இறக்க வேண்டும்.
— கிண்ணியா

பதில்: இழுக்கும் நானா. ஆனால் அதன் 245 நியூட்டன் மீற்றர் 4,000 சுற்றுப் பக்கம்தான் வரும். மிதித்து ஓட்ட வேண்டும், மிதித்தால் பெற்றோல் போகும். அந்தப் பெற்றோலுக்கு மச்சான் காசு தருவாரா என்று கேளுங்கள். மணலில் இறக்க எந்தக் கெப்பையும் கொண்டுபோகாதீர்கள். கரையில் நிற்கிற ட்ராக்டரைப் பிடித்தால் உங்கள் கிளட்ச் தப்பும்.

கேள்வி: ட்ரெயிலர் செய்கிற வெல்டிங் பாஸ், “கெப்பில் நல்ல பிரேக் இருக்குத்தானே, ட்ரெயிலருக்கு எதற்கு?” என்கிறார். பாரம் 1,200 கிலோ. அவர் சொல்வது சரியா?
— சாம்பல்தீவு

பதில்: பிழை. இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

என்ஜினைப் பற்றி எனக்கு வாரா வாரம் எழுதுகிறார்கள். ட்ரெயிலரை எப்படி நிறுத்துவது என்று எழுதினவர்களை விரல் விட்டு எண்ணலாம். கெப்புக்கு அலோய் வீல், கூரையில் நாலு லைட், மூக்கில் புகைக்குழாய் மாதிரி ஒன்று என்று காசைக் கொட்டுவார்கள். பின்னால் வருகிற ஒரு தொன் பாரத்துக்குப் பிரேக் கேட்டால் செலவு அதிகமாம்!

பிரேக் இல்லாத ட்ரெயிலருக்குப் பெரும்பாலான கெப்களின் கைநூல் 750 கிலோவோடு நிறுத்திவிடும். உங்கள் 1,200 கிலோ அந்த எல்லையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. நீங்கள் பிரேக் பிடிக்கும்போது கெப் நிற்கப் பார்க்கும், ட்ரெயிலர் தள்ளும். நேர் பாதையில் அது நிற்கும் தூரத்தைக் கூட்டும். மழை நாளில், வளைவில் என்றால் கெப்பின் பின்பக்கத்தை ஒரு பக்கமாகத் தள்ளி இரண்டையும் மடக்கிப் போட்டுவிடும். இறக்கத்தில் இன்னும் மோசம். முழுப் பாரத்தையும் கெப்பின் பிரேக்கே தாங்கிச் சூடாகி, மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வரும். என்ஜின் எவ்வளவு பெரிதென்றாலும், இறக்கத்தில் கியரைக் குறைத்து வைத்தால் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

இதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லாத பிரேக் இருக்கிறது. கெப் வேகம் குறைக்கும்போது ட்ரெயிலர் முன்னால் தள்ளும் அல்லவா? அந்தத் தள்ளலையே எடுத்து ட்ரெயிலரின் சில்லுகளைப் பிடிக்கிற ஏற்பாடு. கெப்புக்குள் கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்து இயக்கும் மின்சாரப் பிரேக்கும் உண்டு. எதைப் போட்டாலும், கொக்கி கழன்றால் தானாகப் பிரேக்கை இழுக்கிற கம்பியையும், கீழே குறுக்காகப் போடுகிற இரண்டு சங்கிலிகளையும் பாஸிடம் கேட்டு வாங்குங்கள். சைக்கிள் சங்கிலி காட்டினால் எழுந்து வாருங்கள்.

கொக்கிக் குண்டையும் அளந்து பாருங்கள். 50 மில்லிமீற்றரில் ஒன்று, ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலே 47.6 மில்லிமீற்றரில் இன்னொன்று விற்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மலிவாகக் கிடைத்ததென்று சின்னதை வாங்கி, 50க்குச் செய்த மூடியை அதன்மேல் பூட்டின புத்திசாலி நான்தான். கன்னியாப் பக்கம் ஒரு வேகத்தடையில் ட்ரெயிலர் துள்ளிக் கழன்றது. சங்கிலி இருந்ததால் வயலுக்குள் போகவில்லை. அந்தக் குண்டு இப்போது என் மேசையில் கடதாசி பறக்காமல் இருக்க உதவுகிறது.

கேள்வி: பழைய 2.5 டர்போ கெப் ஒன்றை சேலில் வாங்கினேன். ஜப்பானில் இருந்து வந்த ரீகண்டிஷன் என்ஜின் போட்டது என்றார்கள். ட்ரெயிலரோடு கந்தளாய் போகும்போது தண்ணீர் கொதித்து நின்றது. என்ஜினின் மேல்பகுதியான ஹெட் ஏற்கெனவே வெடித்து ஒட்டுப்போட்டது என்கிறார் மெக்கானிக். பதிவுப் புத்தகத்தில் வேறு என்ஜின் இலக்கம். விற்றவர் போன் எடுப்பதில்லை. சேமிப்பு முழுதும் போய்விட்டது.
— மூதூர்

பதில்: தம்பி, இது உங்கள் பிழை இல்லை. சும்மா ஓடும்போது இந்தக் குறை வெளியே வராது, பாரம் இழுத்தால்தான் வரும். அது தெரிந்துதான் விற்றிருக்கிறார்கள்.

இனிமேல் ஒரு ஆணியையும் கழற்ற விடாதீர்கள். ஒட்டுப்போட்ட இடத்தையும் என்ஜின் இலக்கத்தையும் படம் எடுத்து, மெக்கானிக்கிடம் திகதியோடு எழுதி வாங்குங்கள். விற்றவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, பற்றுச்சீட்டை வையுங்கள். அவர் வியாபாரி என்பதால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம், 1977க்கு அழைக்கலாம், எழுத்திலும் கொடுங்கள். இலக்கம் மாறியிருப்பதைப் பொலிஸிலும் பதிந்துவிடுங்கள். நாளைக்கு அந்த என்ஜின் களவென்று வந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கடிதங்களின் பிரதியை எனக்கும் அனுப்புங்கள், எழுத்தில் உதவி செய்கிறேன்.

மற்றவர்களுக்கு: காலையில், என்ஜின் குளிராக இருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால் வேறு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணி, குமிழி தொடர்ந்து வருகிறதா, எண்ணெய் மிதக்கிறதா என்று பாருங்கள். சூடான பிறகு மூடியைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: முகநூலில் கண்ட கெப்புக்கு 5 இலட்சம் முற்பணம் போட்டுவிட்டேன். ஓப்பன் பேப்பர், பெயர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் வைத்த பத்திரம். லீசிங் கொஞ்சம் மிச்சமாம். படம் இணைத்திருக்கிறேன். என்ஜின் நல்லதா?
— பாலையூற்று

பதில்: படத்தில் என்ஜினைக் கழுவியிருக்கிறார்கள். அதற்கு மேல் படத்தில் ஒன்றும் தெரியாது. லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் இருக்கும்வரை அந்த ஆள் உங்களுக்கு எதை விற்கிறார்? காசு போடுமுன் கேட்டிருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன். கம்பனிக்கு நேரே போய் மிச்சக் கணக்கைக் கேளுங்கள், இன்றைக்கே.

கேள்வி: படகு ட்ரெயிலரின் பெயாரிங் அடிக்கடி போகிறது. நல்ல கம்பனிப் பெயாரிங் எது?
— திருக்கடலூர்

பதில்: எதைப் போட்டாலும் போகும். ஓடிவந்த சூட்டோடு சில்லைக் கடலுக்குள் விடுகிறீர்கள். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி உப்புத் தண்ணீரை உறிஞ்சும். கையால் தொடக்கூடிய சூட்டுக்கு வரும்வரை நிறுத்தி வைத்துவிட்டு இறக்குங்கள், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், கடல் கிரீஸ் என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். சீலையும் மாற்றுங்கள், அதை ஒருவரும் மாற்றுவதில்லை.